தீனாவுக்குப் போகும் பை

என் மாமியார் ராஜாத்தி கருவாடு விற்கிறவர். மாமனார் மண்ணாங்கட்டி, திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் ஓட்டை டிரம்முக்கும் டின்னுக்கும் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறவர். இந்த இரண்டு தொழிலும் ஒரே வீட்டில் சேர்ந்ததால்தான், என் புருஷனுக்கு நாங்கள் அனுப்பிய முதல் பார்சலைப் பட்டாளத்துக்காரர்கள் மைதானத்தில் வைத்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

தீனாவுக்கும் எனக்கும் இரண்டாயிரத்து ஒன்று நவம்பரில் கல்யாணம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மன்றத்து ஹாலில், புத்தர் முறைப்படி பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டோம். அவர் ராணுவத்தில் சிப்பாய். கல்யாணத்துக்காக நீளமாக லீவு போட்டு வந்திருந்தார். அந்த லீவில் பாதி நாள் விருந்துக்கே போயிற்று. புளியந்தோப்பில் அத்தை வீடு, எண்ணூரில் சித்தி வீடு, மணலி புதுநகரில் பெரியப்பா வீடு. எங்கே போனாலும் ஆம்பிளைகள் அவரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள், பொம்பிளைகள் என்னை இன்னொரு பக்கம். ராத்திரி வீட்டுக்கு வந்தால் ஒரே அறை, நடுவில் ஒரு புடவை கட்டித் தொங்கவிட்ட மறைப்பு. அந்தப் பக்கம் மாமனார் இருமிக்கொண்டே இருப்பார். இதில் என்னத்தைப் பேசுவது?

டிசம்பரில் டெல்லியில் பாராளுமன்றத்தில் சுட்டார்கள். லீவில் போனவர்கள் எல்லாரும் உடனே திரும்ப வேண்டும் என்று தந்தி வந்தது. சென்ட்ரலில் ரயில் ஏறும்போது அவர் என்னிடம் சொன்னது, "அம்மா எதனா கத்துனா கண்டுக்காத" என்பதுதான். அதோடு வண்டி கிளம்பிவிட்டது.

அப்புறம் எல்லைக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று எழுதக் கூடாதாம். முகவரியில் ஊர்ப் பேரே கிடையாது, வெறும் நம்பர்.

ஜனவரியில் மாமியார் நெத்திலிக் கருவாடு அனுப்புவது என்று முடிவு பண்ணினார். துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீசுக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்ற பார்சலோடு இதைப் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மாமியாருக்கு வந்ததே கோபம்! வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

மாமனார் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். "நாத்தம் வெளிய வரக் கூடாது. அவ்ளோதானே?" என்றார்.

மறுநாள் பட்டறையிலிருந்து பளபளவென்று ஒரு எண்ணெய் டின்னும், அடுப்பும், ஈயக் கம்பியும் கொண்டுவந்தார். கருவாட்டை உள்ளே கொட்டியதும் ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லி, நான் ஒரு பொட்டலத்தை உள்ளே சொருகினேன். அது என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாமனார் மூடியை வைத்துச் சுற்றிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். "கடல்ல தூக்கிப் போட்டாக்கூட ஒரு சொட்டுத் தண்ணி பூராது" என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். மேலே துணி போட்டுத் தைத்து, அரக்கு வைத்து அனுப்பினோம்.

மார்ச்சில் கடிதம் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அம்மா அப்பாவுக்கு அவர் எழுதுவதை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். என் பங்கு எப்போதும் கடைசி வரியில் இருக்கும்: "எழிலையும் கேட்டதாகச் சொல்லவும்." என்னைக் கேட்டதாக எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டும். என்ன கொடுமை பாருங்கள்.

அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார்: "டப்பாவைத் திறக்க வழியே இல்லை. ஓரமெல்லாம் ஈயம். ஆட்டினால் உள்ளே கலகல என்று சத்தம். குண்டாக இருக்கும் என்று பயந்து, தூரத்தில் கொண்டுபோய் வைத்து வெடித்துவிட்டார்கள். நெத்திலி மழையாகப் பெய்தது. இப்போது எல்லாரும் என்னைக் கருவாடு என்றுதான் கூப்பிடுகிறார்கள். மெரூன் கலர் துணி ஒன்று மரத்தில் தொங்கியது. அம்மா, இனிமேல் பழைய புடவையைக் கிழித்துச் சுற்ற வேண்டாம்."

மாமியார் விழித்தார். "நா எங்க பொடவயச் சுத்துனேன்? இன்னா ஒளர்றான் இவன்?"

"அது பொடவ இல்ல அத்தே. சட்ட. நான் வெச்சது."

"சட்டயா?"

"புதுச் சட்ட. முழுக்கை."

மாமனார் சத்தம் இல்லாமல் எழுந்து பீடி பிடிக்க வெளியே போய்விட்டார். மாமியார் முதலில் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அடிப் பைத்தியக்காரி! கருவாட்டோட யாராச்சும் சட்டய வெப்பாங்களா? வெடிக்காம போயிருந்தாலும், அந்த நாத்தத்துல அவன் அதப் போட்டுக்கினு இருக்க முடியுமா?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் இன்னும் தலைக்கு ஏறியது.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். பெண்டாட்டிக்குப் புடவை எடுக்க வரும் ஆம்பிளைகளிடம், "அவுங்களுக்கு இன்னா கலர் புடிக்கும் சார்?" என்று கேட்பேன். பாதிப் பேர் பேந்தப் பேந்த முழிப்பார்கள். "எத்தினி வருசமா சார் குடித்தனம் பண்றீங்க?" என்று மடக்குவேன். கடைப் பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரிப்பார்கள். அந்த மெரூன் சட்டையை எடுக்க ஒரு வாரம் யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் புருஷனுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று எனக்கும் தெரியாது. மெரூன் எனக்குப் பிடித்த கலர், அதனால் எடுத்தேன். எல்லையில் கலர்ச் சட்டை போட்டுக்கொள்ள விடுவார்களா என்றுகூட யோசிக்கவில்லை.

மே மாதம் வந்தது. டிவியைப் போட்டால் சண்டை வரப் போகிறது, வரப் போகிறது என்று இதே பேச்சு. குழாயடியில் நான் குடத்தோடு போனால் பொம்பிளைகள் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு வழிவிட்டார்கள். என்றைக்கு வழிவிட்டார்கள் அவர்கள்? அடித்துப் பிடித்துத்தான் தண்ணீர் பிடிப்போம். அந்த மரியாதை எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், எனக்குத் தெரியாத ஒரு மனுஷனுக்காக நான் தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். என்னவென்று சொல்லி அழுவேன்?

அந்தச் சமயத்தில்தான் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. மனோகரன் என்று ஒருவர், தீனாவோடு ஒரே இடத்தில் இருப்பவர். வீடு பெரம்பூர், ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸ் பக்கம். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவசர லீவில் வந்தவர், ஞாயிற்றுக்கிழமை ஜம்மு ரயிலில் திரும்பப் போகிறார்.

பட்டாளத்தில் இது வழக்கமாம். லீவு முடிந்து யார் திரும்பினாலும் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் வீட்டுச் சாமானையெல்லாம் அவர்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். "ஆறு வூட்டுச் சாமான் என் தலையில அண்ணி" என்றார் போனில். "வூட்டுக்கு மூணு கிலோ. அதுக்கு மேல ஒரு ஊறுகா பாட்டில்கூட ஏத்த மாட்டேன். அப்பால இன்னொண்ணு, ஈயம் மட்டும் வேணாம்னு மாமா கையில சொல்லிடுங்க."

மூன்று கிலோவில் எனக்கு ஒரு பங்கு வேண்டும் என்று அன்றைக்கே மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

"இன்னா வெக்கப் போற?"

"யோசிச்சி சொல்றேன்."

"இன்னும் யோசிச்சிகினே இரு. அவன் ரிட்டேராகி வந்துடுவான்" என்றார். அவர் வாய் அப்படி.

சரி, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று கிளம்பினேன். மாமியாரையே முதலில் கேட்டேன். "வஞ்சிரம் கருவாடு, பொருளங்கா உருண்ட. சின்னதுலேர்ந்து அதான் உசுரு" என்றார். மாமனாரைக் கேட்டேன். அவர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "எவ்ளோ அடிச்சாலும் அழ மாட்டான். அது தெரியும்" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தீனாவின் தோஸ்து ரஷீது, கேரம் கிளப் வாசலில் சைக்கிள் கடை போட்டிருக்கிறவர். அவரைக் கேட்டதும் வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "இன்னா தங்கச்சி இப்டிக் கேட்டுட்ட! கேரம்தான் அவனுக்கு சோறு தண்ணி எல்லாம். ஒரு ஸ்ட்ரைக்கரும் ஒரு பாக்கெட் பவுடரும் வெச்சி அனுப்பு. அழுதுடுவான்" என்றார். வெள்ளைப் பவுடரோடு ரயிலில் போனால் டெல்லியிலேயே மனோகரனைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்றேன். "அதுவும் கரெக்ட்டுதான்" என்று தலையைச் சொறிந்தார். ஸ்ட்ரைக்கர் மட்டும் வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம், நீங்களே தனியாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அது ரஷீதின் தீனா. கருவாடு தின்கிறவர் மாமியாரின் தீனா. எனக்கென்று ஒருத்தர் வேண்டாமா? யாரும் சொல்லாமல் எனக்கே தெரிந்த ஒன்றாவது இருக்காதா? இருந்தே ஆக வேண்டும் என்று, கடையில் புடவையை மடித்துக்கொண்டே யோசித்தேன். அவர் சூடான டீ குடிக்க மாட்டார். அது ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். தூக்கத்தில் போர்வையை முகத்தோடு இழுத்து மூடிக்கொள்வார். அதுவும் கொசுவுக்குப் பயந்து எல்லாரும் செய்வதுதான்.

அப்போதுதான் குதிகால் ஞாபகம் வந்தது. அவர் இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. வெடிப்பு என்றால் சாதாரண வெடிப்பு இல்லை, பாளம் பாளமாக. ராத்திரி என் காலில் பட்டால் தேங்காய் திருகியில் உரசுகிற மாதிரி இருக்கும். ஒருநாள், "அப்பா!" என்று கத்தியேவிட்டேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் மாமனாரின் இருமல் நின்றுபோனது. மறுநாள் காலை என்னால் மாமனார் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

மருந்துக் கடையில் பித்தவெடிப்புக் களிம்பு நாலு ட்யூப் வாங்கினேன். எங்கள் கடையிலேயே கனமான பருத்தி சாக்ஸ் நாலு ஜோடி எடுத்தேன். பழைய பேப்பரில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்துவிட்டேன். மாமியார் அதன் மேல் அவர் சாமானை அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மாமியாரும் பெரம்பூருக்குப் போனோம். மனோகரன் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே அஞ்சு பை வரிசையாக இருந்தது. அவருடைய அம்மா சீனியம்மாள் ஆபரேஷன் ஆன உடம்போடு கட்டிலில் சாய்ந்துகொண்டிருந்தார். மனோகரன் ஒரு தொங்கு தராசு வைத்திருந்தார். எங்கள் பையைக் கொக்கியில் மாட்டித் தூக்கியதும் முகத்தைச் சுளித்தார்.

"நாலு கிலோ காட்டுது அம்மா. கொறைங்க."

மாமியார் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். கருவாடு, உருண்டை, இஞ்சி ஊறுகாய், மறுபடியும் கருவாடு. ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எடை பார்த்துவிட்டு மறுபடி பக்கத்தில் வைத்தார். எதையும் விட மனசு வரவில்லை. கடைசியில் அடியில் இருந்த என் பொட்டலம் கையில் சிக்கியது. பேப்பரைப் பிரித்தார்.

"இன்னாமே இது? பித்தவெடிப்பு மருந்தா?"

"ஆமா."

"கட்டுன புருசன் குண்டுக்கு நடுவுல குந்திகினு கீறான். அவனுக்குப் போயி பித்தவெடிப்பு மருந்து அனுப்புறியே! இது ஒரு சாமானா? எடு வெளிய."

"எடுக்க மாட்டேன். உங்க கருவாட்ட எடுங்க."

"அவன் காலு வெடிச்சிருக்குன்னு யாரு சொன்னா உனுக்கு? பெத்த எனுக்கே தெரியாது!"

"உங்களுக்கு எப்டித் தெரியும்? ராத்திரி பூரா பிறாண்டுறது என் கால!"

சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. சீனியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வெக்காதம்மா, தையல் பிரிஞ்சுடும்" என்றார். மனோகரன் தராசைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். எனக்கு முகமெல்லாம் காந்தியது. மாமியார் ஒரு கிலோ கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துச் சீனியம்மாள் கட்டிலில் வைத்து, "நீ வெச்சிக்க, ஒடம்பு தேறட்டும்" என்றார். என் பொட்டலத்தை அவர் கையாலேயே பையில் திரும்ப வைத்தார்.

"மருந்து உபயோகமாதான் இருக்கும் அம்மா" என்றார் மனோகரன். "அங்க பூட்ஸ் கழட்ட நேரம் கெடைக்கிறதில்ல. எல்லார் காலும் அப்டித்தான்." பையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கினார். "அண்ணி, தீனா ஒரு வேல சொல்லி அனுப்புனான். தனியா கேக்கச் சொன்னான். இங்க ஏது தனி, இப்பவே கேட்டுடறேன்."

"இன்னா?"

"லீவு குடுத்தா வரும்போது உங்களுக்கு எதனா வாங்கினு வரணுமாம். உங்களுக்கு இன்னா புடிக்கும்னு அவனுக்குத் தெரியலயாம். லெட்டர்ல எழுதிக் கேக்கலாம்னா, நீங்கதான் எல்லாருக்கும் படிச்சிக் காட்டுவீங்களாமே, வெக்கமா கீதுன்னான். அங்க எல்லாரையும் புடிச்சிக் கேட்டுகினு இருந்தான், பொண்டாட்டிக்கு இன்னாடா வாங்கலாம்னு. நச்சரிப்புத் தாங்கல."

நான் இங்கே மாமியாரையும் ரஷீதையும் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி, அந்த மனுஷன் அங்கே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். கண்ணில் தண்ணீரோடு வந்தது.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்க" என்றேன். "தெரியணும்னா நேர்ல வந்து கேக்கச் சொல்லுங்க. ஆளு மொத்தமா வந்தா போதும். நான் சாமான் கேட்டேனா?"

மாமியார் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கருவாடு அள்ளி அள்ளிக் காய்ந்த கை. பிடி இரும்பாக இருந்தது.

"வேணாம்னு சொல்லாத எயிலு" என்றார். ஆறு மாசமாக வீட்டில் கத்திய அந்தக் குரலே இல்லை. "எதனா ஒண்ணு கேளு. கேட்டாத்தான் அவன் வாங்குவான். வாங்கிட்டான்னா, கொண்டாந்து குடுக்கணும்னு ஒரு பொறுப்பு வரும். அடுத்தவங்க பொருளு கையில இருக்கசொல்ல, மனுசன் அங்க இங்க அஜாக்கிரதையா நிக்க மாட்டான். பெத்தவ கேக்குறேன், எதனா கேளு."

இத்தனை நாளும் அவர் தைரியமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கருவாடும் உருண்டையும் எல்லாமே பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பயமும் அதேதான்.

என்ன கேட்பது? புடவை கேட்டால், மடித்து இன்னொருத்தர் பையில் வைத்து அனுப்பிவிடலாம். வளையல், செருப்பு, சால்வை எல்லாமே மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். மனோகரன் மாதிரி யாராவது ஒருவர் வந்து, தீனா கொடுத்து அனுப்பினான் என்று நீட்டுவார். அது நடக்கக் கூடாது.

"ஜம்முலேர்ந்து வர்ற வண்டி லூதியானா வழியாதானே வருது?" என்றேன்.

"ஆமா."

"அங்க தையல் மிஷின் செய்றாங்க. எங்க கடையில ஆல்டரேஷன் பண்றவரு மிஷின் அந்த ஊருதான். எனக்கு அதுல ஒண்ணு வேணும்னு சொல்லுங்க."

மனோகரன் யோசித்தார். "மேல் தல மட்டும் வாங்கிக்கலாம் அண்ணி. ஸ்டாண்டு இங்கயே கெடைக்குமே."

"இங்கத்து ஸ்டாண்டு வேணாம். கால்ல மிதிக்கிற இரும்பு ஸ்டாண்டு, பலகை, எல்லாத்தோடயும் வரணும்."

"அத யாரு அண்ணி தூக்கினு வர்றது? எவன் கையிலயும் குடுத்து அனுப்ப முடியாது. அவனேதான் கூட ஏறி வரணும்."

"அவரேதான் வரணும்" என்றேன்.

வீட்டில் அதை வைக்க இடம் ஏது என்று மாமியார் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டாண்டோட. மறந்துடாத தம்பி, எயுதி வெச்சிக்க" என்றார்.